டெக்கருக்குப் போன கடிதம்

— ராடெக் போறாரா? எங்கே போறாரு?

— எங்கேயும் போகலை பாங். செக் நாட்டுல அவர் வீட்டுலதான் இருப்பாரு. ஸ்லாவிக் ப்ளேயரைத்தான் விடுறாரு. ரெட்டைக் குழந்தை பிறந்திருக்காம். இனிமே ஒரு பாட்டு ப்ளேயரையும் சேர்த்து வளர்க்க எனக்குத் தெம்பு இல்லைன்னு எழுதியிருக்காரு. உங்களுக்கு அந்த மெயில் வரலையா?

— வரலை.

— எனக்குப் புதன்கிழமையே வந்துச்சே.

— வரும் வரும். உனக்கு வராம வேற யாருக்கு வரும்? பதினோரு வருஷமா அந்த ப்ளேயருக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதுறவன் நான், இந்த சஹாத். நீ மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்தவ, என்னை பாங்னு, அண்ணான்னு கூப்பிடுறவ. முறைப்படி தியூர், உனக்குத்தானே முதல்ல சொல்லணும்!

— ஆரம்பிச்சிட்டீங்களா? இப்போதான் சர்ச்சுல மன்னிப்பைப் பத்தி நாலு குரல்ல பாடிட்டு வந்தோம். கோப்பி கூட இன்னும் ஆறலை.

— பாட்டு வேற, இது வேற. சரி, ரோட்டியைச் சாப்பிடு. சிரிகாயா ஜாம் வழியுது பாரு, விரலைத் துடை. துடைச்சிட்டுச் சொல்லு. ராடெக்குக்கு அப்புறம் யாரு?

— அதைச் சொல்லத்தான் பாங் உங்களைக் கூப்பிட்டேன்.

— சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீதான். கடைக்குள்ள வரும்போதே உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. வாழ்த்துகள். ஏம்பா, இங்கே இன்னொரு கோப்பி! சீனி வேண்டாம், இன்னைக்கு இனிப்பு அதிகமாயிருச்சு.

— நிஜமா நான் இல்லை பாங்.

— நீ இல்லையா?

— என்னால எப்படி முடியும்? சிதமானிக் தேயிலைத் தோட்ட ஆபீஸ்ல சம்பளப் பட்டியல் அடிச்சுட்டு வீட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடுது. ஸ்லாவிக்னா இருபது பேர் அனுப்புற கோடைப் படிக்கணும், சண்டையைத் தீர்க்கணும், புது வெர்ஷன் விடணும். அதுவும் சும்மா, ஒரு ரூபாய் வராது. எனக்குக் கோடு எழுதப் பிடிக்கும். மேய்க்கப் பிடிக்காது.

— அப்போ... சரி. அப்போ சரி. இந்தா, இந்த ரோட்டியையும் எடுத்துக்கோ. நான் சர்ச்சுக்கு முன்னாடியே சாப்பிட்டேன். சொல்லு, ராடெக் என்ன எழுதினாரு? முழுசா சொல்லு.

— திடீர்னு குரல் தேனா மாறிடுச்சே!

— ஒண்ணும் இல்லை. ஆர்வம். பழைய ஆள் இல்லையா நான்? ஒரு பாட்டுக்கு ஒரு பாடகர் பேர்தான் போடலாம்னு இருந்த காலத்துல, எங்க பாத்தாக் சனங்க பாட்டெல்லாம் மூணு பேர் சேர்ந்து பாடுறது, பேர் போடுற கட்டத்தை மூணாப் பிரின்னு ராடெக்கோட ஒரு வருஷம் மல்லுக்கட்டினவன் நான். இன்னைக்கு பிரேசில்காரன்கூட அதைப் பயன்படுத்துறான்.

— தெரியும் பாங். நூறு தடவை சொல்லிட்டீங்க.

— நூத்தியோராவது தடவையும் கேளு. சரி, யாரு?

— டெக்கர்.

— யாரு?

— யான் டெக்கர். அந்த டச்சுக்காரர். மெயில் வந்தவங்க எல்லாருமா வெள்ளிக்கிழமை ஒத்துக்கிட்டோம். நேத்து ராடெக் அவருக்கு முறையா கடிதம் அனுப்பிட்டாரு. அவர் சரின்னு சொல்லணும், அவ்வளவுதான் பாக்கி.

— டெக்கரா?

— ஏன் கப்பை அப்படி வைக்கிறீங்க? உடைஞ்சிடும்.

— அந்த டெக்கரா? உன்னைத் திட்டியே ரெண்டு வருஷம் ஓட்டினவனா? ஒரு பாட்டு முடிஞ்சதும் இடைவெளி இல்லாம அடுத்த பாட்டு ஓடுற மாதிரி நீ எழுதி அனுப்பினப்போ அடுக்கடுக்கா குறை சொன்னவன்?

— ஆமா, முப்பது.

— முப்பத்திரண்டு.

— எண்ணி வச்சிருக்கீங்களா?

— எல்லாரும் பார்க்கிற இடத்துலதானே எழுதினான். படிச்சேன். "இவர் பாட்டுக் கேட்டதே இல்லை போலிருக்கிறது"ன்னு ஒரு வரி போட்டானே, அவனா இனிமே உங்களுக்குத் தலைவன்?

— அன்னைக்கு அழுதேன். உங்களுக்குத்தான் தெரியுமே. இதே கடையில, இதே மேசையில. "அந்த ஆளைக் கண்டுக்காதே"ன்னு நீங்கதான் ரோட்டி வாங்கிக் கொடுத்தீங்க.

— கொடுத்தேன்.

— வீட்டுக்குப் போனா அம்மா ஏன் சாப்பிடலைன்னு கேட்டாங்க. முகம் தெரியாத யாரோ ஒருத்தன் நெதர்லாந்துல இருந்து திட்டினான்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஒரு வாரம் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. விட்டுடலாம்னு நெனச்சேன்.

— விட்டிருக்கலாமே.

— என்ன?

— இல்ல... விட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்னு சொல்ல வந்தேன். நீ. நீ நிம்மதியா இருந்திருப்பே.

— அப்புறம் ஒரு நாள் சும்மா அந்த முப்பத்திரண்டையும் ஒண்ணு ஒண்ணாப் பார்த்தேன் பாங். இருபத்தேழு சரி. நிஜமா சரி. நாற்பதாயிரம் பாட்டு இருந்தா ப்ளேயர் திணறுதுன்னு எழுதியிருந்தாரு. யாரு பாங் நாற்பதாயிரம் பாட்டை ஏத்திப் பார்ப்பாங்க? இயர்போனைப் பாட்டு நடுவுல பிடுங்கினா ப்ளேயரே உறைஞ்சு நின்னுடுதுன்னு எழுதியிருந்தாரு. பத்து வருஷப் பழைய லேப்டாப்புல ஓட்டிப் பார்த்திருக்காரு. அந்த ஆளு என்னைத் திட்டினாரு, ஆனா என்னை வரி வரியாப் படிச்சாரு. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிப் படிச்சதில்லை.

— நான் படிக்கலையா?

— பாங்...

— சொல்லு. நான் உன் கோடைப் படிக்கலையா? ஒவ்வொரு தடவையும் முதல் ஆளா வந்து எழுதுவேனே!

— "நல்லா இருக்கு தியூர்"னு எழுதுவீங்க. கட்டை விரல் படம் ஒண்ணு போடுவீங்க. அவ்வளவுதான். எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அதேதான். டெக்கர் வந்த பிறகு, ஒண்ணை அனுப்புறதுக்கு முன்னாடி இதை அவர் பார்த்தா என்ன சொல்வார்னு எனக்குள்ளேயே ஒரு தடவை கேட்டுக்குவேன். அவரால நான் நல்லா எழுதக் கத்துக்கிட்டேன். கொரியாக்காரப் பொண்ணு ஒருத்தி இருக்காளே, அவளும் அதையே சொன்னா.

— ஓகோ. டெக்கர் புராணம் ஊரெல்லாம் கேட்குது போலிருக்கு.

— உங்களுக்கு ஏன் பாங் இவ்வளவு எரியுது?

— எரியுதா? எனக்கா? அந்த ஆளுக்கு ஒரு முகம் உண்டா? ஒரு தடவையாவது வீடியோவுல வந்தானா? எங்கே வேலை பார்க்கிறான், எத்தனை வயசு, ஏதாவது தெரியுமா? பதினோரு வருஷமா சொந்தப் பேர்ல, சொந்த முகத்தோட நிக்கிறவன் ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிருந்தோ முளைச்ச பேய்க்கு மாலையா?

— பேயோ பிசாசோ, வேலை தெரிஞ்ச ஆளு. எனக்கு அது போதும். அவர் சரின்னு சொல்லட்டும்னு காலையில ஜெபம்கூட பண்ணினேன்.

— அவன் சொல்லமாட்டான்.

— சொல்லுவாரு.

— சொல்ல முடியாது தியூர்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அந்தக் கடிதத்தை நான் இன்னும் திறக்கலை.

— நீங்க ஏன் திறக்கணும்? அது டெக்கருக்குப் போன கடிதம்.

— ஆமா. நேத்து சாயங்காலம் வந்துச்சு. ராடெக் பேரைப் பார்த்ததும், பொய்ப் பேர்ல உள்ளே வந்தவனைக் கண்டுபிடிச்சுட்டாங்க, வெளியே போகச் சொல்லப் போறாங்கன்னு பயந்து மூடி வச்சேன்.

— பாங். விளையாடாதீங்க.

— டெக்கர்னு ஒருத்தன் இல்லை. நான்தான்.

— நீங்களா?

— ஆமா தியூர். கப்பை எடுத்து என் தலையில ஊத்தணும்னாலும் ஊத்து.

— ஏன்?

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெர்ஷன் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல ராடெக் எழுதினாரு, "சியாந்தாரிலிருந்து வந்த எங்கள் அதிசயத்துக்கு நன்றி"ன்னு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அது நான்தான்னு நெனச்சேன். நம்ம சியாந்தார் ஊருல அப்போ ஸ்லாவிக்குக் கோடு எழுதுறது நம்ம ரெண்டு பேர்தானே? பக்கத்துல இருந்த பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ கீழே படிச்சுட்டு, "இதுல தியூர்னு போட்டிருக்கே"ன்னா.

— அதுக்காகவா?

— அதுக்காகத்தான். அன்னைக்கே டச்சுப் பேர் ஒண்ணு வச்சு உள்ளே வந்தேன். உன்னை ஓட வைக்கணும்னு வந்தேன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியலை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துல பையன் ஒருத்தன் தூக்கிப் போட இருந்த லேப்டாப்பை வாங்கினேன். கிடைச்ச பாட்டையெல்லாம் மறுபடி மறுபடி நகல் எடுத்து நாற்பதாயிரம் ஆக்கினேன். உன்கிட்ட ஒரு தப்புக் கிடைக்காதான்னு உன் கோடை எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. என் வாழ்க்கையில வேற எதையும் நான் அவ்வளவு கவனமாப் படிச்சதில்லை.

— எனக்கு ரோட்டி வாங்கிக் கொடுத்தீங்களே, அன்னைக்குமா?

— அன்னைக்கும்தான். நீ அழுததைப் பார்த்துட்டுப் போயும், ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு பட்டியல் போட்டேன்.

— நிஜமா உங்களை அடிக்கணும் போலிருக்கு.

— அடி.

— சர்ச் ஆளுங்க மூணு மேசையில உட்கார்ந்திருக்காங்க. இல்லைன்னா அடிச்சிருப்பேன். "இத்தோ, இத்தோ"ன்னு கூடப் பிறந்தவன் மாதிரி கூப்பிட்டீங்களே பாங்! என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து சோறு பரிமாறினீங்களே!

— அப்போவும் நான் இத்தோதான். எரிச்சலும் இருந்துச்சு, அதுவும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே வயித்துலதான் இருந்துச்சு. நீ போகலை. பட்டியல் போடப் போட நீ இன்னும் நல்லா எழுதினே. அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிஞ்சது. இப்போ என்னடான்னா அந்த இல்லாத டச்சுக்காரனைப் பார்த்து எரியுது. நீ அவனுக்காக ஜெபம் பண்ணினேன்னு சொன்னப்போ, கேவலம், என் மேலேயே எனக்குப் பொறாமை வந்துச்சு.

— சிரிக்க வைக்காதீங்க. நான் கோபத்துல இருக்கேன்.

— இரு. இருக்க வேண்டியதுதான். நான் இன்னைக்கே ராடெக்குக்கு எழுதிடுறேன். டெக்கர் யாரு, எதுக்கு வந்தான், எல்லாத்தையும். பதினோரு வருஷப் பேரும் போயிடும். போகட்டும். ஒண்ணு மட்டும் கேட்கிறேன். பொய் சொல்லாமச் சொல்லு.

— கேளுங்க.

— பேச்சு வந்தப்போ என் பேரை யாராவது சொன்னாங்களா? ஒருத்தராவது?

— இப்போ அது எதுக்கு?

— எனக்கு வேணும்.

— வேண்டாம் பாங்.

— அப்போ ஒருத்தரும் சொல்லலை. சரி. தெரிஞ்சதுதான். நேரமாச்சு, நான் போய் பெச்சாக் வண்டி பிடிக்கிறேன்.

— உட்காருங்க. ராடெக்குக்கு எழுதும்போது நானும் ஒண்ணு எழுத வேண்டியிருக்கு. அதை முதல்ல உங்ககிட்ட சொல்லிடுறேன். உங்களை எல்லாரும் பெரிய ஆள் பெரிய ஆள்னு கொண்டாடுறதைப் பார்த்து எனக்கும் உள்ளே ஏதோ இருந்துச்சு பாங். இல்லைன்னு சொன்னாப் பொய்.

— உனக்கா? என்ன பண்ணினே?

— புதன்கிழமை வந்த மெயில்ல ராடெக் ஒரே ஒரு பேரைத்தான் எழுதியிருந்தாரு. சஹாத். உங்க பேருதான், அதனாலதான் உங்களுக்கு அந்த மெயில் வரலை போல. அந்த ஆளு யார் கோடையும் படிக்கவே மாட்டாரு, அவர் வேண்டாம், டெக்கரை வைங்கன்னு பதில் எழுதினது நான்தான்.