ராய்ஸிடம் யாராவது பேசுங்கள்

ஃபார்லி நகர்க் கெளுத்திகள் என்னும் நம் பேஸ்பால் அணியின் ஆதரவாளர் சங்கத்தைக் கட்டிக் காப்பவரும், ஆட்ட நாட்களில் வாயிலிலே நின்று என்னை இன்றுவரை வேறு எவனோ ஒருவனின் பெயரால் வாழ்த்தி வரவேற்பவருமான தலைவி திருமதி கெர்டா வாஸ் அவர்களே! வளரும் ஆட்டக்காரர்களின் வாழ்வையும் தாழ்வையும் தம் சட்டைப்பையிலுள்ள நான்கு பேனாக்களால் எழுதுகின்ற மேலாளர் திரு. லைல் ப்ரூயிட் அவர்களே! எங்கள் அணியின் பயிற்சியாளர், கோபத்தின் கோபுரம், திரு. பர்க் டான்சர் அவர்களே! கொட்டும் பனியிலும் கொதிக்கும் குழம்போடு உருளைக்கிழங்கு மசித்துக் கொண்டுவந்த தாய்மார்களே! பெரியோர்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு, இவன் எப்போது முடிப்பான், ஆப்பிள் பணியாரம் எப்போது வரும் என்று ஏங்கும் அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த முன்னாள் கேட்சர், வீசுகிற பந்தைக் குந்தியிருந்து பிடித்த நோரிஸ் லண்ட்குவிஸ்ட்டின் முதற்கண் வணக்கம்.

ஆம், முன்னாள். போன கோடையில் நான் மட்டையால் அடித்ததைவிட, மட்டையைக் கீழே அடித்ததுதான் அதிகம். வரும் வாரத்திலிருந்து மாமனாரின் டயர் கடையில் வேலை. யாரது சிரிப்பது? மாமனாரா? சிரியுங்கள் ஐயா, டயராவது என்னிடமிருந்து நழுவாது என்று நம்புகிறீர்கள்.

நண்பர்களே, இந்த ஊர் இந்தக் குளிர்காலம் முழுவதும் எதைப் பற்றிப் பேசியது? விலைவாசியையா? வெள்ளத்தையா? இல்லை! ராய்ஸ் டெவ்லின்! அதோ, மூன்றாவது மேசையில் நாணிக் குனிந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருக்கிறானே, அந்த ராய்ஸ் டெவ்லின்! அந்தக் கை வீசினால் வேகமானியில் நூறு மைல்! பயிற்சியில் அந்தப் பந்தைப் பிடித்த என் இடது உள்ளங்கை ஜூன் மாதம் சிவந்தது, ஜூலை மாதம் வீங்கியது, ஆகஸ்ட் மாதம் அதில் மோதிரமே ஏறவில்லை. என் மனைவி ஜோலீன் அதற்கு வேறு காரணம் தேடினாள் என்பது தனிக் கதை.

இந்தக் கையை என்ன செய்வது? ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தை முதல் பந்திலிருந்து சுமந்து செல்லும் தொடக்க வீரனாக வைத்துக்கொள்வதா? கடைசியில் ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிற முடிப்பு வீரனாக மாற்றுவதா? வசந்தகாலப் பயிற்சி முகாமில் திரு. ப்ரூயிட் முடிவு சொல்ல வேண்டும். ஏன் இந்த ஐயம்? தொடங்கினால் மூன்று இன்னிங்ஸ் புயல், நான்காவதில் புழுதி. பந்து பார்வையாளர் பக்கம் போகும், பாப்கார்ன் விற்பவர் பக்கம் போகும், அடிக்கிறவன் பக்கம் மட்டும் போகாது! தோள் தளர்கிறது என்றார் ஒருவர். அடிக்கிறவனை ஏமாற்றும் மெதுவான பந்து கைவரவில்லை என்றார் இன்னொருவர். காற்று என்றார் மற்றொருவர். ஐயா, மூன்று இன்னிங்ஸ் வரைக்கும் அந்தக் காற்று எங்கே உட்கார்ந்திருந்தது?

நான் சொல்கிறேன் காரணம். நம் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தொடங்கி வீசுகிறவனோடு அன்றைக்கு யாரும் பேசக் கூடாது. பேசினால் அவன் கவனம் கலையும். காய்ச்சல்காரன் கட்டிலைச் சுற்றி நடப்பதுபோல் எல்லோரும் ஓசைப்படாமல் நடப்போம். பெஞ்சின் ஒரு கோடியில் அவன், மறு கோடியில் நாங்கள் அத்தனை பேரும். நல்ல வழக்கம்தான், மற்றவர்களுக்கு! ராய்ஸ் யார்? ஓக்லஹோமாவில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கும் தாயின் ஆறாவது பிள்ளை! வாய் மூடிய ஒரு நிமிடத்தை அந்தக் கடை கண்டதில்லை. பேச்சிலே பிறந்து, பேச்சிலே தவழ்ந்து, பேச்சிலே பந்து வீசிய பிள்ளையைப் பேசாத பெஞ்சிலே உட்கார வைத்தோம். மூன்று இன்னிங்ஸ் தாங்கினான். நான்காவதில் அவன் தோள் தளரவில்லை நண்பர்களே, தனிமை தாங்கவில்லை!

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆகஸ்ட்டில் ஒரு பகலாட்டம். முதன்மைக் கேட்சருக்குக் கட்டைவிரல் முறிந்து, வேறு ஆளே இல்லாமல் நான் களத்தில். ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து ஜோலீனுக்குப் பிரசவ வலி கண்டு மருத்துவமனையில் சேர்த்திருக்கும் செய்தி வருகிறது. என்னை விட முடியாது என்றுவிட்டார்கள். நான் போகவில்லை என்பதை அவள் இன்னும் மறக்கவில்லை. சந்தேகமிருந்தால் அவள் முகத்தைப் பாருங்கள். எனக்கு அன்று வழக்கம் நினைவிருக்குமா? பயத்திலே பேசினேன், பதறிப்பதறிப் பேசினேன், பெஞ்சில் பக்கத்தில் யார் என்றே பாராமல் பேசினேன்.

"டேய், பொண்ணுன்னா என்னடா பேர் வைக்கிறது?"

திடுக்கிட்டுப் பார்த்தான் ராய்ஸ், அன்று தொடங்கி வீசுகிறவன். "அண்ணே, என்கிட்டயா கேக்குறீங்க?"

"வேற யாருடா இருக்கா இந்த மூலையில?"

"எர்னஸ்டீன்னு வைங்க."

"அது பேராடா, தையல் மெஷினா?"

"எங்க அத்தைண்ணே! சரி, வினோனா? வெள்ளிக்கிழமையானா அம்மா கடைக்குத் தலை சுருட்டிக்க வருவாங்க. தங்கமான மனுஷி. முடி மட்டும் என்ன பண்ணாலும் எந்திரிச்சு நிக்கும்."

பார்த்தார் திரு. டான்சர். பாய்ந்தார். "யோவ் நோரிஸ்! புத்தி கெட்டுப் போச்சா? இன்னைக்கு அவன் வீசுற நாள்யா!"

"சார், இன்னைக்கு என் பொண்டாட்டி பெத்துக்கிற நாள் சார்!"

நான்காவது இன்னிங்ஸ் வந்தது. பந்து வழி தவறவில்லை. ஆறாவதில் அவன் நின்று வீசும் மேட்டுக்கு நான் ஓடினேன். இருவரும் கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசினோம். ஏதோ இரகசியத் திட்டம் என்று நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்களே, நினைவிருக்கிறதா? அவன் சொன்னது இதுதான்: "குளோரியா மட்டும் வேணாம்ணே. அந்தம்மா எல்லார்கிட்டயும் கோள் மூட்டும்." எட்டு இன்னிங்ஸ்! எட்டு! மறுநாள் திரு. ப்ரூயிட்டின் அறிக்கை என்ன சொன்னது? 'மெதுவான பந்து முதிர்ந்துவிட்டது.' ஐயா, எந்தப் பந்து வேண்டும் என்று விரல் சைகையால் கேட்கிறவன் கேட்சர்; அன்றைக்கு அந்தப் பந்தை நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது!

அடுத்த முறை அவன் வீசியபோது, வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்றார் பயிற்சியாளர். திறக்கவில்லை. நான்காவதில் மீண்டும் பறந்து வந்த பந்துக்குப் பாப்கார்ன்காரர் தலை குனிந்தார். அப்போதே ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? கடைசி வரிசைக் கேட்சர் வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திறக்காமலே அனுப்பிவிட்டார்கள். ஆகவே இன்று திறக்கிறேன்!

என்ன சொல்கிறீர்கள் பின்னால்? "பேசுறவன்னா முடிப்பு வீரனாக்கு, அவங்கதான் தங்க முறை வர்ற வரைக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் உக்காந்து நாளெல்லாம் பேசிக்கிட்டிருக்காங்க" என்றா? நல்ல கேள்வி! முடிப்பு வீரர்கள் நல்லவர்கள், அவர்களில் என் உயிர் நண்பர்கள் உண்டு. ஆனால் எட்டு இன்னிங்ஸ் பேசிவிட்டு ஒன்று வீசவா கடவுள் அந்தக் கையைக் கொடுத்தார்? அன்று ஆட்டம் முடிந்து மருத்துவமனைக்கு என்னோடு வந்தான். வண்டியில் சொன்னான்: "ஆரம்பிச்சதை நானே முடிச்சாதான்ணே வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்." அதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. அந்தப் பந்தை இனி நான் பிடிக்கப் போவதில்லை.

இன்றிரவு ஆட்டமே இல்லை நண்பர்களே. வெளியே முழங்கால் அளவு பனி. ஆனாலும் அந்த மூன்றாவது மேசையைப் பாருங்கள். அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி! இவ்வளவு கூட்டத்தில், உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கிற கூட்டத்தில்! மரியாதையா அது? அன்பா அது? நாம் அந்தப் பிள்ளையைக் கொண்டாடிக் கொண்டாடியே தனியாக்கிவிட்டோம். வேலியோரம் அமரும் தாய்மார்களே, அவன் வீசும் நாளில் ஏதாவது கேளுங்கள். அறிவுரை வேண்டாம்! மழை வருமா என்று கேளுங்கள், முடியைக் குட்டையாக வெட்டலாமா என்று கேளுங்கள், எட்டு இன்னிங்ஸ் கேளுங்கள்!

திரு. ப்ரூயிட், எங்கே எழுந்துவிட்டீர்கள்? கோபமா? வாசல் அந்தப் பக்கம் ஐயா, நீங்கள் போவது மூன்றாவது மேசைக்கு... ஓ. அங்கேதானா. உட்காருங்கள், உட்காருங்கள்.

என்ன கேட்டார், ராய்ஸ்? உரக்கச் சொல்.

"குழந்தைக்குக் கடைசியில என்ன பேர் வச்சாங்கன்னு கேக்குறார்ணே!"

வினோனா ஐயா! அதோ ஜோலீன் மடியில், என்ன செய்தாலும் எழுந்து நிற்கிற முடியோடு! அவர் காதில் இது விழவில்லை போலிருக்கிறது. ராய்ஸ் அத்தைக் கதையை ஆரம்பித்துவிட்டான். திரு. டான்சரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார். அங்கே பேச்சு தொடங்கிவிட்டது, ஆகவே இங்கே என் பேச்சு முடிகிறது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, பணியாரம் சுட்ட கைகளுக்கு நன்றி. வணக்கம்!