ரெமிஜியஸ் சாருக்கு, 3.4-ஐ மாற்றியவர்கள் வாசிக்கும் மடல்

விவேக் நகரிலிருந்து பொம்மசந்திராவுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் பேருந்தில் வந்துபோன பெருமதிப்பிற்குரிய ரெமிஜியஸ் சார் அவர்களே! பதினோரு குழுக்களை ஒரே பேச்சில் நிற்கவைத்த பொறுமையாளரே! வணக்கம்.

மருத்துவமனைகளின் மருந்து ஆர்டர்களைக் கிடங்குகளுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் நம்முடையது. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் எதை, எந்த வடிவில் கேட்கலாம் என்று சொல்வது வரையறைக் கோப்பு. நீங்கள் வருமுன் ஒவ்வொரு குழுவும் அதைத் தனித்தனியே வைத்துத் தன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டிருந்தது. நீங்கள்தான் அவற்றை ஒரே பேக்கேஜாக்கி, ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாரும் தங்கள் மென்பொருளை பில்டு செய்து உருவாக்கும்போது அதையே எடுக்கும்படி செய்தீர்கள்.

வெளியிட்ட எண்ணைத் தொடக்கூடாது. எது மாறினாலும் புது எண். அதற்கு முன் பதினோரு குழுக்களிடமும் நேரில் போய்ச் சொல்வீர்கள். "சார் பத்திரிகை வைக்கக் கிளம்பிட்டாரு, தாம்பாளம் எங்கப்பா?" என்பார் எங்கள் பிரிவு இளங்கோவன். "மொய் வேணாம், டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்லு, போதும்" என்பீர்கள். நாங்கள் சிரித்தோம். உங்களுக்குப் பதிலாக நாங்கள் ஒருநாளும் நடந்துபோய்ச் சொன்னதில்லை.

கடந்த மார்ச்சில் நீங்கள் ஒரு வாரம் விடுப்பில் இருந்தீர்கள். "நம்பரை மாத்தாதேம்மா. மாத்தினா பதினோரு டீமும் திரும்ப டெஸ்ட் பண்ணணும்" என்றார் மேலாளர் ரங்கநாதன் சார். ஆர்டரில் 'அளவு' என்றால் மாத்திரை அட்டை என்று இருந்ததை ஒற்றை மாத்திரை என்று மாற்றி, அதே 3.4 என்ற எண்ணில் வெளியிட்டோம். முன்பே எடுத்திருந்த குழுக்களிடம் பழைய 3.4, மற்றவர்களிடம் புதியது. லிங்கராஜபுரத்தில் ஒரு சிறுநீரகச் சிகிச்சை மையம் நாற்பது அட்டை கேட்டது. நாற்பது மாத்திரை போனது. நோயாளிகள் இரண்டு நாள் கடைகடையாக அலைந்தார்கள்.

விசாரணையில், எண் மாறாமல் உள்ளே மாறியிருப்பதைக் காட்டினீர்கள். பிரிவில் எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கிலிருந்து வெளியிட்டதால் பெயர் பதிவாகவில்லை. "யாருப்பா மாத்தினது?" என்று ஒரே ஒருமுறை கேட்டீர்கள். எங்கள் பிரிவின் பதினான்கு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எல்லாருக்கும் ஒண்ணுன்னு நீங்க வச்சதாலதானே சார் எல்லா இடத்துலயும் போச்சு?" என்றார் ரங்கநாதன் சார். அறிக்கையும் அதையே சொன்னது. பேக்கேஜை நிறுத்தினார்கள். பணிக்காலம் மூன்றாண்டு மீதமிருக்க, விருப்ப ஓய்வு என்று உங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். உங்கள் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நாலு வரி நல்லதா எழுதும்மா, ஃப்ரேம் போட்டுடலாம்" என்றார்கள் மனிதவளத் துறையில், இந்த வழியனுப்பு விழாவுக்காக. நல்லதை எழுதியாயிற்று. மீதி இது: 3.4-ஐ மாற்றி வெளியிட்டவள் கிருத்திகா. இதை எழுதுபவளும் அவளே. பக்கத்தில் அமர்ந்து சரிபார்த்தவர் இளங்கோவன். செய்யச் சொன்னவர் இங்கே முதல் வரிசையில் இருக்கிறார். தெரிந்தும் பேசாதவர்கள் மற்ற எல்லாரும். அறிக்கையைத் திருத்தக் கோரி, இம்மடலின் படியை இன்று காலை விசாரணைக் குழுவிடம் கொடுத்துவிட்டோம்.

நீங்கள் மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதற்காக இதை வாசிக்கவில்லை. நல்ல உடல்நலத்தோடு நெடுங்காலம் இருங்கள் சார். திருத்திய அறிக்கை உங்கள் கைக்கு வரும்வரை எங்களை நம்பாதீர்கள்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்புப் பிரிவு ஊழியர்கள்,
பதினான்கு பேரில் ஒன்பது பேர்