இனிமேல் கோல் வேண்டாமாம்

“இனிமே நான் கோல் போட வேணாமாம்க்கா.”

முத்தியால்பேட்டை போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னவள் தங்கை. வெளியூர் கிளப்பில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவள் கால் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை.

“யாரு சொன்னது?”

“கோச்சுதான். வேகம் கொறைஞ்சிடுச்சாம். ஃபார்வர்டு வேணாம், டிஃபென்ஸ்ல ஆடுன்றாரு.”

“ஆடிட்டுப் போயேன். சம்பளம் அதேதான?”

“அதேதான்.”

“அப்புறம் ஏன்டி மூஞ்சிய தூக்கி வெச்சினு இருக்கற?”

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

“நான் ஆடப் போனதுலேர்ந்து அப்பா எங்கூட பேசறதில்ல. கோல் போட்ட அன்னிக்கு மட்டும் போன் பண்ணுவாரு. ‘டிவில பாத்தேன்’னுவாரு. வெச்சிடுவாரு.”

நிறுத்தம் வந்து படியில் இறங்கும்போது அக்கா கேட்டாள்.

“டிஃபென்ஸ்ல இருக்கறவங்க கோலே போட மாட்டாங்களாடி?”

“எப்பவாவது போடுவாங்க. அதுவரைக்கும் அப்பா டிவி பாத்துனு இருக்கணுமே.”