பேருந்து நிறையத் தங்கைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலை நிர்வாகத்தாரே, ஊர்ப் பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் நாச்சியம்மாள் அண்ணி அவர்களே, அண்ணனின் தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் ஆலைத் தொழிலாளி கீதாவின் வணக்கம்.

அண்ணன் நம்மை விட்டுப் போன துக்கத்தில் போன வாரம் முழுக்க அழுது தீர்த்துவிட்டோம். இன்று நம் அண்ணன் ஆறுச்சாமியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவோம். மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் கூட்டம் அவருக்குப் பிடிக்குமா என்ன?

அந்தியூரிலிருந்து பெருந்துறைக்கு நம்மை அழைத்து வந்த ஆலைப் பேருந்தின் ஓட்டுநர் அவர். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அண்ணன்தான்! "ஊரே கூப்பிடறதக் கேட்டுக் கேட்டு, நானும் ஒரு நாளைக்கு வாய் தவறி அண்ணான்னு கூப்பிட்டுப்போடுவனோன்னு பயமா இருக்குதுங்க" என்று அண்ணியே என்னிடம் சொன்னதுண்டு.

அண்ணன் என்றால் யார்? முன்னே பிறந்தவர் மட்டும்தானா? அந்தியூர்த் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடியபோது சில இளவட்டங்கள் பேருந்து நிறுத்தத்தில் நம் பெண்களைச் சீண்டினார்கள். அண்ணன் இறங்கினார். கையை ஓங்கினாரா? இல்லை! "ஏனுங்க தம்பி, எங்க தங்கச்சியக் கட்டிக்கப்போறது உங்கள்ல ஆருங்க? சாதகம் கொண்டாந்திருக்கறீங்களா?" என்று கேட்டார். ஒருவன் செருப்பை விட்டுவிட்டே ஓடினான்.

உடன்பிறந்தான் இல்லாத பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளையோடு கைகோத்து உட்காரும் மைத்துனன் இடம் அவருடையது. அந்தச் சடங்கில் மாப்பிள்ளைகள் கொடுத்த மோதிரம் ஒன்றாவது அவர் விரலில் ஏறியதா? ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரலாயிற்றே! அவற்றைப் பேருந்துச் சாவியோடு கோத்து வைத்திருந்தார். வண்டி பள்ளத்தில் இறங்கினால் கலகலவென்று குலுங்கும். "மாப்பளைக பேசறாங்க கண்ணு" என்பார்.

தை மாதம் நம் தாரணிக்குக் கல்யாணம். அவளுக்கும் அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவள் கல்யாணத்தையே தள்ளிப்போடச் சொல்கிறாள். "அந்த எடத்துல இனி ஆருங்கக்கா உக்காருவாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

இன்று காலை மாப்பிள்ளையின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். "நான் உட்காரலாமுங்களா மாமா?" என்று கேட்டேன். பொம்பளையா என்று முகம் சுளிப்பார் என நினைத்தேன். அவரோ, "கை கோக்கறதுக்குக் கைதானே அம்மணி வேணும்? ஆறுச்சாமி பேரச் சொல்லி உக்காருங்க" என்றார்.

தோழிகளே, இனி உடன்பிறந்தான் இல்லாத எந்தப் பெண்ணுக்கும் நம்மில் ஒருத்தி அந்த இடத்தில் உட்காருவாள். இது அண்ணன் பெயரால் நாம் எடுக்கும் உறுதி!

தாரணி, முகூர்த்தத்தை மாற்றாதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சேலை எடு. உனக்கு அண்ணன் நான் இருக்கிறேன்!