சுரைக்குடுக்கைச் சீர்

புயலுக்குப் பேர் வைக்காத காலம் அது. நாலு நாளைக்கு முன்னாடியே படம் போட்டுக் காட்ட ஆள் கிடையாது. காத்து வந்தா வந்ததுதான், போனா போனதுதான். அந்தக் காலத்துல, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவுல, தாழைத்துறைன்னு ஒரு ஊர். அந்த ஊர்ல தைலம்மைன்னு ஒருத்தி இருந்தாளாம்.

இதே ஊர்தான். நாம ஒதுங்கியிருக்கிற இந்தப் புயல் கட்டடம் அன்னிக்கு ஏது? இங்கே தாழம்புதரா மண்டிக் கிடந்துச்சாம். வெளியே காத்து ஊதட்டும். கஞ்சி வேக நேரமாகும். அதுவரைக்கும் தைலம்மை கதையைக் கேளுங்க.

தைலம்மைக்கு ஒரு அக்கா. பேரு செங்கமலம். கூடப்பிறந்த ஆம்பளைப் பிள்ளை இல்லை. அவங்க தாய்மாமனுக்கோ பிள்ளை குட்டியே இல்லை. ஒரு பையனுக்காவது நீச்சல் சொல்லிக்கொடுக்கணும்னு மாமனுக்கு ஆசை. பையனுக்கு எங்கே போவாரு? சின்னவளை இழுத்துக்கிட்டுக் குளத்துக்குப் போவாராம். காஞ்ச சுரைக்குடுக்கையைக் கயித்துல கோத்து, அவ இடுப்புல கட்டி, தண்ணியில தூக்கிப் போடுவாராம். குடுக்கை மிதக்கும். குடுக்கையோட பிள்ளையும் மிதக்கும்.

"பொட்டப்புள்ளைக்கு நீச்சல் எதுக்குய்யா, கப்பலா ஓட்டப் போவுது?"ன்னு ஊர் சிரிக்கும்.

"தண்ணிக்கு ஆணு பொண்ணு தெரியுமாய்யா?"ன்னு மாமன் திருப்பிக் கேப்பாராம்.

மாமன் சொன்னது தப்பு. தண்ணிக்குத் தெரியும்னு பின்னாடி ஊரே கண்டுக்கிச்சு.

செங்கமலம் தண்ணியில இறங்க மாட்டா. கூச்சக்காரி. படியில உக்காந்து தங்கச்சி பாவாடைக்குக் காவல் இருப்பாளாம். தைலம்மை ஆளானா, நீச்சலும் நின்னுபோச்சு. மாமனும் போய்ச் சேர்ந்தாரு. செங்கமலத்துக்குக் கல்யாணம் ஆச்சு, ஒரு பொண்ணு பிறந்துச்சு.

அந்தக் கார்த்திகையில காத்து வந்துச்சாம். மத்தியானம் தொடங்கின காத்து நிக்கவே இல்லை. ஆம்பளைங்க மாடு அவுக்கப் போயிட்டாங்க. பொம்பளைங்க வீட்டுக்குள்ள. தண்ணி வாசப்படியைத் தொடுது.

"கிளம்புவோமாடி?"

"அவரு வரட்டும். சொல்லாம எப்படிப் போறது?"

எல்லா வீட்டுலயும் இதே பேச்சாம். அவரு வரட்டும், அவரு வரட்டும். அவரு வர்றதுக்கு முன்னாடி கடல் வந்துருச்சு.

ஆம்பளை வேட்டியை அவுத்துப் போட்டுட்டு நீந்தினான். தென்னையில ஏறினான். பொம்பளைக்கு நீந்தத் தெரியாது, ஏறத் தெரியாது, சேலையை அவுக்க மனசு வராது. இடுப்புல பிள்ளை வேற. செங்கமலம் கட்டியிருந்தது பதினாறு முழச் சேலை. தாழை முள்ளு அதைப் பிடிச்சுக்கிச்சு. தைலம்மை இழுக்கிறா. இழுக்க இழுக்கச் சேலை இறுகுது. தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. செங்கமலம் பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கி, தங்கச்சி கையில கொடுத்தாளாம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னாளாம். என்ன வார்த்தைன்னு தைலம்மை ரொம்ப வருஷம் யாருகிட்டயும் சொல்லலை.

ஒரு கையில பிள்ளை. இன்னொரு கையால நீந்தினா. மாமன் கொடுத்த நீச்சலைக் கை மறக்கலை. கோயில் மேட்டுல கரையேறினாளாம்.

விடிஞ்சு பாத்தா, ஊர் பூரா பிணம். ஆனா சத்தமே இல்லையாம். ஏன்னு கேளுங்க. செத்ததுல முக்கால்வாசி பொம்பளைங்க. ஒப்பாரி வைக்க ஆள் எங்கே? ஆம்பளைங்க அவங்கவங்க வீட்டு வாசல்ல, எப்படி அழுவுறதுன்னு தெரியாம நின்னாங்களாம். பெரியதனக்காரர் வைத்திலிங்கத்துக்குப் பொண்டாட்டியும் போயிட்டா, ரெண்டு மகளும் போயிட்டாங்க. ஊரே அவர் முன்னாடி கைகட்டி நிக்கும். அவரு தைலம்மை முன்னாடி வந்து கையைக் கூப்பினாராம்.

"ஆத்தா, என் வீட்டுக்கும் வந்து ஒரு வாய் அழுதுட்டுப் போ."

போனா. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வீடு வீடாப் போனா. எல்லா வீட்டுக்கும் அழுதா. தொண்டை அடைச்சுப்போய்க் காத்து மட்டும் வர்ற வரைக்கும் அழுதாளாம். அதுக்கப்புறம் அவ குரல் கடைசிவரைக்கும் கரகரன்னுதான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க.

காலம் போச்சு. ஊர்ல ஆம்பளைங்க மேற்கேயிருந்து மறுபடி பொண்ணு கட்டிக்கிட்டு வந்தாங்க. செங்கமலம் புருசன் பொழைக்கச் சீமைக்குப் போயி, அங்கேயே வேற குடும்பம் பண்ணிக்கிட்டான். தைலம்மை கல்யாணம் பண்ணிக்கலை. அக்கா மகளுக்கு மரகதம்னு பேர் வச்சு வளத்தா.

மரகதத்துக்குத் தண்ணின்னா நடுக்கம். குளத்துல முதல் படிக்குக் கீழே கால் வைக்க மாட்டா, சொம்புல மொண்டுதான் ஊத்திக்குவா. வானம் இருட்டினா கட்டிலுக்கு அடியில போயிருவா. "எங்கம்மா உன்கிட்ட என்ன சொன்னுச்சு சித்தி?"ன்னு அங்கேயிருந்து கேப்பா. "பெரிய மனுஷி ஆவு, சொல்றேன்"ம்பா தைலம்மை.

சொல்லிட்டுக் கூரையைப் பாப்பா. கூரையில சுரைக்கொடி ஏத்தி விட்டிருந்தா. காயை முத்த விடணும், கொடியிலயே காய விடணும். அப்பத்தான் குடுக்கை ஆகும். ஒருநாள் வயலுக்குப் போயிட்டு வந்து பாத்தா, கூரை வெறிச்சுன்னு கெடக்கு. பக்கத்து வீட்டுக்கு மேற்கேயிருந்து வாழ வந்த மங்களம், சட்டியோட நிக்கிறா.

"அக்கா, காயெல்லாம் முத்துதே, பாக்க மாட்டியா? தனியாளு பாவம்னு நானே பறிச்சு, கருவாடு போட்டுக் குழம்பு வச்சுட்டேன்."

"அத்தனையுமாடி?"

"உச்சியில ஒண்ணு இருக்கு. எட்டலை."

"எட்டாம போனியே, நீ நல்லா இருப்பே"ன்னாளாம் தைலம்மை. குழம்பை வாங்கிச் சாப்பிடவும் சாப்பிட்டாளாம். ருசியாத்தான் இருந்துச்சாம்.

அந்த ஒத்தைக் குடுக்கை காஞ்சு கலகலன்னு ஆனப்போ மரகதம் ஆளானா.

நம்ம ஊர்க்கட்டு உங்களுக்குத் தெரியும். சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டாரணும். மாமன் சீரைத் தட்டக் கூடாது. எது வந்தாலும் பொண்ணு ஒரு தரமாவது மேல போட்டாகணும். மரகதத்துக்குத் தாய்மாமன் இல்லை. ஒண்ணுவிட்ட முறையில எவனாவது தூக்குவான்னு ஊர் பாத்துச்சு. குளத்தங்கரையில பந்தல். தாம்பாளத்தைத் தலையில வச்சுக்கிட்டுத் தைலம்மையே வர்றா.

"பொம்பளை சீர் தூக்குறதா?"

"தூக்க ஆள் இருந்தா நான் ஏன் தூக்குறேன்? எங்க பொறந்த வீட்டுல மிச்சம் நான்தான்."

துணியை விலக்கினா. சேலை, வளையல், பூ, தேங்காய். நடுவுல சுரைக்குடுக்கை, கயிறு கோத்தபடி.

"அடி ஆத்தே, நான் எட்டாம விட்ட காயில்ல அது!"ன்னு மங்களம் கத்தினா. பந்தல் சிரிச்சுச்சு.

"இதை எங்கே போடுறது, காதுலயா மூக்குலயா?"ன்னான் ஒருத்தன்.

"இடுப்புல. கட்டிக்கிட்டுக் குளத்துல இறங்கணும்."

சிரிப்பு நின்னுபோச்சு.

"வயசுக்கு வந்த பொண்ணு தண்ணியில தொளையுறதா? எவன் கட்டுவான் இவளை?"

"கட்டுறவன் கட்டட்டும். மொதல்ல அவ உசிரோட இருக்கட்டும்."

எல்லாரும் வைத்திலிங்கத்தைப் பாத்தாங்க. அவரு குடுக்கையையே பாத்துக்கிட்டு இருந்தாராம். தைலம்மை அவர் பக்கம் திரும்பி, அந்தக் கரகரத்த குரல்ல சொன்னாளாம்:

"பெரியப்பா, அடுத்த காத்துக்கு ஒப்பாரி வைக்க எனக்குத் தொண்டை இல்லை."

 கிழவர் எந்திரிச்சாரு. "மாமன் சீரைத் தட்டக் கூடாது"ன்னாரு. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "ஆம்பளைங்க எல்லாம் அந்தாண்டை திரும்பி நில்லுங்கடா"ன்னாரு. முதல்ல அவரு திரும்பினாரு.

தைலம்மை சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டுக் கழுத்தளவு தண்ணியில இறங்கி நின்னா. மரகதம் முதல் படியில. இடுப்புல குடுக்கை. பல்லு தந்தியடிக்குது.

"வேணாம் சித்தி. என்னால முடியாது சித்தி."

"உங்கம்மா என்ன சொன்னான்னு கேப்பியே."

பொண்ணு நிமிர்ந்து பாத்துச்சு.

"பெருசா ஒண்ணும் சொல்லலைடி. 'புள்ளைக்குத் தலை நனையுது தைலு, தொவட்டி விடு'ன்னா. அவளுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி. உனக்குத் தலை நனையுதாம்."

தைலம்மை தண்ணியில நின்னபடியே ரெண்டு கையையும் நீட்டினா.

"அன்னிக்குத் துணி ஏது எனக்கு? தொவட்டலை. அந்தக் கடன் அப்படியே நிக்குது. நீ நனைஞ்சுட்டு வா. இன்னிக்குத் தொவட்டி விடுறேன்."

மரகதம் ரெண்டாவது படியில கால் வச்சா. மூணாவது படியில அழுதா. நாலாவது படி பாசி, வழுக்கிருச்சு. தொபுக்குன்னு சத்தம், ஒரு அலறல்.

"இறங்கிருச்சா?"ன்னான் திரும்பி நின்னவன்ல ஒருத்தன்.

"திரும்பாதே!"ன்னாங்க பொம்பளைங்க.

அலறல் இருமலாச்சு. இருமல் அடங்குச்சு. கொஞ்ச நேரம் தண்ணி அலையுற சத்தம் மட்டும். அப்புறம் பொண்ணு சிரிச்சுச்சாம். "சித்தி, தூக்குது! குடுக்கை என்னைத் தூக்குது!" வைத்திலிங்கத்தோட தோள் குலுங்குச்சாம். பக்கத்துல நின்னவங்க பாத்தும் பாக்காத மாதிரி நின்னாங்களாம்.

கரையேறின பொண்ணைப் படியில உக்கார வச்சு, தைலம்மை தலை தொவட்டினா. முடி காஞ்ச பிறகும் தொவட்டிக்கிட்டே இருந்தாளாம்.

அன்னியிலிருந்து இந்த ஊர் மாமன் சீர்ல சுரைக்குடுக்கை இல்லாம இருந்ததில்லை. அந்தப் படிக்குத் தைலம்மைத் துறைன்னு பேராச்சு. மரகதம் பாட்டியான காலத்துல இன்னொரு பெருங்காத்து வந்துச்சு. அதுலயும் ஆளுங்க போனாங்க, ஆணும் போச்சு, பொண்ணும் போச்சு. ஆனா மறுநாள் ஒப்பாரி கேட்டுச்சாம், பக்கத்து ஊர் வரைக்கும்.

இப்போ காத்துக்கு மாசம் கிடையாது. கார்த்திகையில வந்தது சித்திரையிலயும் வருது. சேதி போன்ல வருது, போன் அவரு சட்டைப்பையில இருக்கு, அவரு வெளியே போயிருக்காரு. கடல் உள்ளே ஏறிக் குளமும் உப்பாச்சு. குடிக்கிற தண்ணிக்கு நாமதான் குடத்தைத் தூக்கிக்கிட்டு மேற்கே நடக்கிறோம். ஆனா உப்புத்தண்ணி ஆளை நல்லாத் தூக்கும். பிள்ளைங்க சீக்கிரம் கத்துக்குதுங்க.

இன்னொண்ணு. இந்த ஊர்ல நனைஞ்ச தலையோட ஒரு பொண்ணு வாசல்ல வந்து நின்னா, யாரு எவருன்னு கேக்கிறதுக்கு முன்னாடி துண்டு எடுப்பாங்க. ஏன் எடுக்கிறோம்னு கேட்டா, இந்தக் கதையைச் சொல்லுவாங்க.

அந்தா, யாரோ கதவைத் தட்டுறாங்க. துண்டை எடு.