காப்பர் வேலிக்குப் பத்துக்கு ஆறு

பந்தியில் உட்கார்ந்தால் சாம்பாரில் உப்பு குறைவு என்று வாய்விட்டுச் சொல்கிற ஆள் நான். மற்றவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் பிரமாதம் என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார்கள். அதனால் எனக்குக் குதர்க்கம் பிடித்தவன் என்று பெயர். அதில் எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை.

என் பெயர் பரந்தாமன். வீடு கள்ளிக்குப்பத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பேன். சரியாக இல்லாததற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்குவேன். சூப்பர்வைசர் வந்து கெஞ்சுவார், சின்னக் குறைதானே, விட்டுவிடுங்கள் என்பார். விட்டதில்லை. இதே புத்தியோடுதான் யூடியூபில் ஒரு சேனலும் நடத்துகிறேன். வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, தமிழில் நல்லது கெட்டது சொல்வது. பார்ப்பவர்கள் குறைவு. ஒத்து ஊதத் தெரியாதவனுக்கு அவ்வளவுதான் கூட்டம் சேரும்.

‘காப்பர் வேலி’, அதாவது செம்புப் பள்ளத்தாக்கு, என்ற கேமைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகமே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. மலை, ஆறு, காடு என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள். நான் பொறுமையாக முடித்துப் பார்த்தேன். குதிரை நகர மாட்டேன் என்கிறது. கீழே கிடக்கும் ஒரு ஆப்பிளை எடுக்கவே கதாநாயகன் குனிந்து நிமிர்ந்து நம் உயிரை வாங்குகிறான். கதையில் பாதி நேரம் எவனோ ஏவிய எடுபிடி வேலை. நிலம் பெரிது, உள்ளே ஒன்றுமில்லை. பத்துக்கு ஆறு மதிப்பெண் கொடுத்தேன். அந்த வீடியோவின் கீழே வந்து என் குடும்பத்தையே திட்டிவிட்டுப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எழில் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழில் என் பள்ளித் தோழன், ஆவடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அவனுக்குத் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்துபோகும் நோய். ஒன்பதாம் வகுப்பில் கால் போனது. பிறகு இடுப்பு, பிறகு தோள். கடைசியில் விரல்கள் மட்டும் மிச்சம். பருத்திப்பட்டில் அம்மா பஞ்சவர்ணத்தோடு இருந்தான். அந்தம்மா ஒரு மிட்டாய் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவர். ஏரிக்கரை அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எழில் அதைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். அவனைத் தூக்கிக் குளியலறையில் நாற்காலியில் உட்கார வைப்பேன். அம்மா குளிப்பாட்டி முடித்ததும் திரும்பத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்துவேன். யாரும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு கேமை ஒருவன் வாங்குவான், இரண்டு வீட்டில் ஆடுவார்கள். ஒரே அக்கவுண்ட்டை, டிவியில் செருகி ஆடும் இரண்டு கன்சோல் பெட்டியில் போட்டுக்கொள்வது எல்லாரும் செய்வதுதான். எழிலின் கன்சோலில் இருந்தது என் அக்கவுண்ட். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் என்னுடையவை. விரல் நன்றாக இருந்த காலத்தில் அவன் ‘காப்பர் வேலி’யைத் தொடங்கினான். முதல் கட்டத்தில் ஒரு பனிமலை வரும். அதில் ஏறிக் கடந்தால்தான் அந்தப் பெரிய உலகமே திறக்கும். ஏறிக் கடந்துபோனவன் அதன் பிறகு திரும்பி வரவே இல்லை என்று சொல்லலாம். வருடக்கணக்கில் அங்கேயே இருந்தான்.

ஒருநாள் என் சேனலின் நேரலையில் அவனைப் பேச வைத்தேன். எனக்கு எதிராக வக்காலத்து வாங்குபவன் ஒருவன் இருந்தால் விவாதம் சூடுபிடிக்கும் என்று நினைத்தேன். அவன் விவாதமே செய்யவில்லை.

“எல்லாரும் இதுல சண்ட, மிஷனுன்னு பேசறீங்கோ. நான் அதெல்லாம் ஒண்ணியும் பண்றதில்ல,” என்றான். “காலைல எழுந்தா ஆத்தங்கரைக்கு நடந்து போறேன். எங்கம்மா வேலை வுட்டு வந்தா அவங்களையும் இட்டுகினு போறேன். மரத்தாண்ட ஒக்காந்துகினு தண்ணியப் பாக்கறோம். இதுக்கு மேல இன்னா ஓணும்?”

பின்னால் பஞ்சவர்ணம்மாவின் குரலும் பதிவாகியிருந்தது. “தண்ணி இன்னா தெளிவா கீது பாருப்பா,” என்றார்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து யார் யாரோ பரப்பினார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள். விமர்சகரே, இந்தத் தம்பியிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று என் சேனலிலேயே வந்து எழுதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன். ஆனால் அது பொறாமை இல்லை. நான் வரி வரியாகக் காரணம் சொல்லியிருக்கிறேன். அவன் நடந்து போனேன் என்று ஒரு வார்த்தை சொன்னான், எல்லாம் தவிடுபொடி. நடக்க முடியாதவனுக்கு நடப்பதே பெரிது. அது அவன் நோயின் கணக்கு. கேமின் பெருமையில் அதை எப்படிச் சேர்க்க முடியும்? நிதானமாக யோசித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

எந்தப் பொருளையும் முதலிலிருந்து சோதித்தால்தான் குணம் தெரியும். எழில் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த சௌகரியத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினான். அந்த வீடு, குதிரை, பழகிப்போன பாதைகள். அவை இல்லாமல் ஒரு புது ஆளாகத் தொடங்கினால் இதே பேச்சு வருமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கிக் குளியலறையில் விட்டுவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். அம்மா அவன் முதுகைத் தேய்த்தபடி ஏதோ சொல்ல, அவன் சிரிப்பது கேட்டது. அவன் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கன்சோல் ஒருமுறைக்கு இருமுறை கேட்டது. நல்ல வடிவமைப்பு, அதை நான் மறுக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அக்கவுண்ட் என்னுடையது. ஆகவே நான் அழித்தது என்னுடையதைத்தான்.

தலை துவட்டியவனைத் தூக்கிவந்து கிடத்தியதும், ஆட்டம் எங்கே என்று கேட்டான். கரண்ட் போய்ப் போய் வந்தது, அதில் கெட்டுவிட்டது போலிருக்கிறது என்றேன். அவன் டிவியைப் பார்த்தான். பிறகு, “வுடு மச்சான், நீ இன்னா பண்ணுவே. மூஞ்சிய அப்டி வெச்சிக்காத,” என்று எனக்கே ஆறுதல் சொன்னான். அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை பாருங்கள்.

முதலிலிருந்து தொடங்கினான். அந்தப் பனிமலை வந்தது. இரண்டு கைகளாலும் மாறி மாறி வேகமாகப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கதாநாயகன் ஏறுவான். விட்டால் விழுந்துவிடுவான். அதைச் சுலபமாக்க அந்தக் கேமில் எந்த வழியும் கிடையாது. எழிலின் இடது கை அந்த வருடம்தான் முழுசாகப் போயிருந்தது. ஒற்றைக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அந்த மலையில் ஏற முடியாது.

இது எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். நான் அந்தக் கேமை முடித்தவன், அவன் கையையும் ஒவ்வொரு வாரமும் பிடித்துத் தூக்கியவன். தெரியும்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் நான் போகும்போதெல்லாம் அந்தக் கதாநாயகன் விழுந்துகொண்டே இருந்தான். எழிலின் நெற்றியில் வேர்த்திருக்கும். அம்மா துடைத்துவிடுவார்.

“மச்சான், இந்த மலைய மட்டும் நீ ஏத்திக் குடேன். அப்பால நான் பாத்துக்கிறேன்.”

“இன்னொருத்தன் வந்து ஏத்தி வுடணும்னா அது நல்ல கேமா? நீயே சொல்லு.”

“கேமு இன்னா பண்ணும்? என் கை அப்டி.”

“எல்லாராலயும் ஆட முடியாத கேம, எல்லாரும் தூக்கிவெச்சிப் பேசறாங்கோ. கேமரா வெக்கறேன், அத்த சொல்லு.”

அவன் மாட்டேன் என்று தலையை அசைத்தான். அந்தக் கட்டைவிரலை விட்டால் அவனால் முடிந்த அசைவு அதுதான். நான் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்டேன், அதற்கடுத்த வாரமும். வேறு யாரும் அந்த வீட்டுக்கு வருவதில்லை, அம்மாவுக்குப் பட்டன் அழுத்தத் தெரியாது. ஆகவே அவன் யோசிக்க வேண்டிய அவகாசம் முழுதும் அவனுக்குக் கிடைத்தது.

கடைசியில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, சட்டை மாட்டி, தலை வாரி, கேமரா வைத்தேன். “இந்த கேமு ஓவர்ரேட்டட்தான். நான் சொன்னது தப்பு,” என்றான். குரல் சரியாக எழும்பவில்லை, இன்னொருமுறை எடுத்தோம். முடிந்ததும், “இப்ப ஏத்தி வுடு மச்சான்,” என்றான். ரொம்ப ஆசையாகக் கேட்டான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

என் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். அந்தக் கேம் உலகை விட்டுப் பிரிக்க முடியாதவன் என்று நினைத்த ஆளே உண்மையைச் சொன்னான் என்று எழுதினார்கள். இந்த நிலையில் நான் மலையை ஏற்றிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆற்றைப் பார்த்த மறுநிமிடம் பேச்சை மாற்றியிருப்பான். அவன் சுபாவம் எனக்குத் தெரியும். ஒருமுறை ஒப்புக்கொண்ட உண்மையை அவனே கெடுத்துக்கொள்ள நான் எப்படி உதவுவது? வேலை அதிகம் என்று சொல்லி இரண்டு ஞாயிறு போகாமல் இருந்தேன். மூன்றாவது ஞாயிறு போனபோது டிவிக்கு மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். அவன் சுவர்ப்பக்கம் திருப்பிவிடச் சொல்லிப் படுத்திருந்தான்.

“சோறே எறங்க மாட்டேங்குது நைனா,” என்றார் அம்மா. “நீ எதுனா பேசு. நீ பேசுனா கேப்பான்.”

பேசினேன். எதைப் பற்றி என்று இப்போது நினைவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் நிராகரித்த பாகத்தை அப்படியே தூக்கிப் போடுவதில்லை. பின்னால் யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ஒன்றை சாம்பிளாக எடுத்து வைப்போம். எழிலின் ஆட்டத்தை அழிப்பதற்கு முன்னால் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டேன். அவனுடைய வீடு, குதிரை, ஆற்றங்கரை எல்லாம் அதில் முழுசாக இருந்தன. செருகினால் இரண்டு நிமிட வேலை. அவன் மலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த எல்லா ஞாயிறும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அன்றும், அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

மழைக்காலத்தில் அவனுக்குச் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை. இந்த நோயில் நுரையீரலில்தான் கடைசியில் வந்து முடியும் என்றார் டாக்டர். சாப்பிடாமல் கிடந்ததால் உடம்பில் தெம்பில்லை என்றும் ஒரு வார்த்தை சொன்னார். ஒரு கேம் இல்லை என்பதற்காக யாரும் சாவதில்லை. டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். சுடுகாடுவரை தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு அவன் எடை பழக்கம், எனக்குக் கனக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் பஞ்சவர்ணம்மா கள்ளிக்குப்பத்துக்கு என் வீடு தேடி வந்தார். பஸ் மாறி வந்திருக்கிறார். கட்டைப்பையில் எழிலின் கன்சோல், துண்டில் சுற்றியபடி.

“நீயே வெச்சிக்கோ நைனா. அவனுக்குன்னு வந்து போனது நீ ஒருத்தன்தான்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் டிவியைப் பார்த்தார். அது இருட்டாகக் கிடந்தது; வாசலில் சத்தம் கேட்டதும், ஓடிக்கொண்டிருந்த கேமை நிறுத்தாமல் திரையை மட்டும் அணைத்திருந்தேன்.

“அந்த ஆத்தங்கரை உன் ஊட்டு டிவில வருமா?” என்றார். “ஒரே ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறேன். அவன் அங்கதான ஒக்காந்துகினு கீறான்.”

“அது அன்னிக்கே அழிஞ்சிப் போச்சும்மா.”

“ஒண்ணுமே இல்லியா?”

“இல்லம்மா.”

சரி என்று தலையாட்டினார். என் கன்னத்தைத் தொட்டு, இளைத்துவிட்டாய், வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் பையை மடித்துக்கொண்டு போனார்.

காட்டியிருந்தால் அழுதிருப்பார். அழுதுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அப்படி அழுதவர்கள் சேர்ந்துதானே அந்தக் கேமுக்கு இல்லாத மதிப்பை ஏற்றிவிட்டார்கள்.

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு திரையைப் போட்டேன். பென் டிரைவில் இருந்தபடியே, எழில் விட்ட இடத்தில் அந்தக் கதாநாயகன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. வீட்டுக்குள் இருட்டிய பிறகும் விளக்குப் போட எழுந்திருக்கத் தோன்றவில்லை. வேலை முடிந்து வந்ததும் தினமும் இப்படித்தான் உட்கார்ந்து பார்க்கிறேன், தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா என்று. அவன் சொன்ன அளவுக்கு ஒன்றுமில்லை.