ஓரங்கள்தான் முதலில் போகும்

மருந்தை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தீர்கள், டாக்டர். போன தடவை நாங்கள் வந்தபோது, எங்கே தவறினேன் என்று உங்களையே நொந்துகொண்டீர்கள். ஒழுங்காக வேலை செய்கிற ஒருவர் வீணாக மனம் வருந்துவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வைத்தியத்தில் குறையே இல்லை.

என் கணவர் எடுக்கும் படங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவை தியேட்டருக்கு வருவதில்லை. கதை கிடையாது, வசனம் கிடையாது, எல்லாம் கறுப்பு வெள்ளை. மழை வழியும் கண்ணாடி, ஆளில்லாத படிக்கட்டு, இப்படி. விழா அரங்குகளில் கொஞ்சம் பேர் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். வீட்டுப் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு நாங்களே ஃபிலிம் கழுவுவோம். கரைசல் கலக்குவது என் வேலை. எனக்கு அளவு பிசகாது என்று நண்பர்களிடம் பெருமையடிப்பார்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் நடமாடும் படம் என்று இருந்தது ஒரே ஒரு சுருள். முன்பல் விழுந்திருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டே ஓடுவாள். கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். அந்த வகைச் சுருளுக்கு நெகட்டிவ் கிடையாது. போனால் போனதுதான்.

ஒருநாள் அவர், படத்தின் மேல்பூச்சை உருக்குகிற மாதிரிக் கரைசல் கேட்டார். கலந்து கொடுத்தேன். எந்தச் சுருளுக்கு என்று கேட்கவில்லை. பிறகு அரங்கில் உட்கார்ந்து பார்த்தேன். சுருள் ஓட ஓட முதலில் ஓரங்கள் கரைந்தன. பிறகு கவுன், பிறகு கால்கள். கையை எடுக்கும் இடம் வந்தபோது முகம் வழிந்து ஒரு வெள்ளைத் திட்டாகிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"பாப்பாவோட ரீலையா போட்டீங்க?"

"வேற எதைப் போட்டாலும் வெறும் வித்தைதாம்மா. இழக்கவே முடியாததை இழக்கணும். அதுதான் படம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா? உனக்கு வேண்டியது ஆல்பம், எனக்கு வேண்டியது படம். சரி சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. அந்த வெள்ளை எவ்ளோ சுத்தமா வந்திருக்கு பாத்தியா? எல்லாம் உன் கைப்பக்குவம்."

நான் சண்டை போடவில்லை. சோறு போட்டேன்.

அடுத்த வருடம் அவர் கண்ணில் அழுத்தம் இருப்பதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் பயமில்லை என்றீர்கள். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் போடும் வேலை எனக்கு வந்தது. காலையும் மாலையும் தலையை என் மடியில் சாய்த்து, குழந்தைபோல் கண்ணை அகலத் திறந்து காட்டுவார். "கொடுத்து வெச்சவர் சார் நீங்க, இவ்ளோ பொறுமையா யார் பாத்துப்பாங்க?" என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள்.

ஒரு வேளைகூடத் தவறவில்லை. குப்பி மட்டும்தான் உங்களுடையது. உள்ளே இருந்த மருந்தை ஒவ்வொரு முறையும் வாங்கி வந்தவுடனே கொட்டிவிட்டு, பின்னறையிலிருந்து எடுத்ததை எரிச்சல் தெரியாத அளவுக்கு நீர்க்கவைத்து நிரப்பினேன். அவருக்கும் ஓரங்கள்தான் முதலில் போயின. கதவு நிலையில் இடித்துக்கொண்டார். பிறகு என் முகம் போனது. நான் அவசரப்படுத்தவில்லை. அவரும் சுருளை நிதானமாகத்தான் ஊறவைத்திருப்பார்.

இத்தோடு சரிக்குச் சரி என்று இருந்தேன். போன வாரம் நாற்காலியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

"என்னங்க?"

"பாப்பாதான். கண்ணு போனதிலேருந்து தினமும் வரா. இப்பக் கலர்ல வரா, தெரியுமா? மஞ்சள் கவுனு. காதுக்குப் பின்னாடி அந்த மச்சம்கூட அப்படியே தெரியுது."

"எந்தக் காது?"

"பெத்தவ கேக்கற கேள்வியா இது?" என்று மறுபடியும் சிரித்தார்.

நானும் கண்ணை மூடிப் பார்க்கிறேன். எனக்கு வெள்ளைத் திட்டுதான் வருகிறது.

போலீசிடம் சொல்வதானால் சொல்லுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். அவர்மேல் எனக்கு இப்போது வஞ்சம் எதுவும் இல்லை, அது தீர்ந்துவிட்டது. உங்களிடம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான் பாக்கி. கண் போன பிறகும் ஒரு மனிதர் உள்ளே பார்க்கிறாரே, அந்த இடத்துக்கு எந்தச் சொட்டு போய்ச் சேரும்?